சிலுவைப் போர்களைப் பயில முதல் நூல் எது?

திருச்சபை வரலாற்றைப் பயிற்றுவிப்போரிடம் மாணவர் அடிக்கடி கேட்கும் வினாக்களுள் ஒன்று, சிலுவைப் போர்களைப் பற்றி அறிய முதலில் எந்த நூலைப் படிப்பது என்பதாகும். வினா எளிது, விடை அத்துணை எளிதன்று. இப்பொருள் பற்றி மேலைநாடுகளில் வெளிவந்துள்ள நூல்கள் ஒரு தனி நூலகத்தையே நிரப்பப் போதுமானவை. அவற்றுள் பல, படிப்பவர் அறியாமலேயே அவரை ஒரு பக்கம் சாய்த்துவிடும் இயல்புடையவை. ஊழியத்தின் நெருக்கடியில் ஆயர் ஒருவர் இப்பொருள் பற்றித் தம் வாழ்நாளில் படிப்பது பெரும்பாலும் ஒரே நூல்தான். அந்த ஒரு நூலைக் கொண்டே அவர் முப்பது ஆண்டுகள் பிரசங்கிக்கிறார். ஆகவே தேர்வில் கவனம் வேண்டும் என்று நாம் கருதுகிறோம்.

வாக்கர், லட்டூரட் ஆகியோரின் பொதுத் திருச்சபை வரலாறுகளில் இப்போர்களுக்குக் கிடைப்பது ஒரு சிறு பகுதியே. அப்பகுதியை மட்டும் தேர்வுக்காகப் படித்துவிட்டுச் சேகரத்திற்குச் செல்லும் இளம் ஆயரிடம், இஸ்லாமிய அன்பர் ஒருவர், “1099ஆம் ஆண்டில் உங்கள் சபையார் எருசலேமில் செய்தது என்ன?” என்று கேட்பதாகக் கொள்வோம். கேட்கப்படும் இடம் கடைத்தெருவாக இருக்கலாம், சமய நல்லிணக்கக் கூட்டமாகவும் இருக்கலாம். அவருக்கு மூன்று வழிகள் எளிதில் தோன்றும். ‘அது தற்காப்புப் போர்’ என்று வாதிடுவது ஒன்று. ஆராயாமலே மார்பில் அடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்பது மற்றொன்று. ‘அதைச் செய்தவர்கள் போப்பின் சபையார், எங்களுக்கு அதில் பங்கில்லை’ என்று நழுவுவது மூன்றாவது. இம்மூன்றுக்கும் துணைநிற்கும் நூல்கள் கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

மூன்றாவது வழி நம்மவர்க்கு மிகவும் வசதியானது. எனவே அதனை முதலில் நோக்குவோம். சீர்திருத்தச் சபையார் சிலுவைப் போர்களைப் பாப்பரசின் குற்றப் பட்டியலில் சேர்த்து எழுதும் வழக்கம் பழமையானது. ஆங்கிலத் திருச்சபைக் குருவாகிய தாமஸ் ஃபுல்லர் 1639இல் வெளியிட்ட ‘பரிசுத்தப் போரின் வரலாறு’ அவ்வழக்கத்திற்கு நல்ல எடுத்துக்காட்டு. லூத்தர் 1518இல், தம் தொண்ணூற்றைந்து கருத்துரைகளுக்கு எழுதிய விளக்கத்தில், துருக்கியரை எதிர்ப்பது அவர்கள் மூலமாக நம்மைத் தண்டிக்கும் தேவனையே எதிர்ப்பதாகும் என்ற பொருள்பட எழுதினார். 1520ஆம் ஆண்டுப் போப்பாணை அக்கருத்தையும் கண்டித்தது. ஆயினும் 1529இல் துருக்கியப் படை வியன்னாவை நோக்கி வந்த காலத்தில், பேரரசனின் தலைமையில் குடிகளைக் காக்கும் கடமையாகப் போர் செய்யலாம் என்று அவரே எழுதினார். லூத்தர் மறுத்தது திருச்சபையின் பெயரால், பாவமன்னிப்பின் வாக்குறுதியோடு நடத்தப்படும் போரையே. எல்லாப் போரையும் அன்று. இவ்வேறுபாட்டை உணராமல் ‘லூத்தர் சிலுவைப் போரை எதிர்த்தார்’ என்று மட்டும் சொல்வது அரைகுறை உண்மை. மேலும், 1095இல் மேலைத் திருச்சபை பிளவுபட்டிருக்கவில்லை. அன்செல்மையும் பெர்நார்டையும் நம் முன்னோர் என்று போற்றிப் பாடல் பாடிவிட்டு, பெர்நார்டு 1146இல் வெசலேயில் இரண்டாம் சிலுவைப் போருக்கு ஆள் சேர்த்ததை மட்டும் பிறர் கணக்கில் எழுத இயலாது.

இனி நூல்களுக்கு வருவோம். நம் நூலகங்களில் பெரும்பாலும் முதலில் கையில் அகப்படுவது ஸ்டீவன் ரன்சிமன் 1951 முதல் 1954 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட ‘சிலுவைப் போர்களின் வரலாறு’. ஆங்கில உரைநடைக்கு இது ஓர் அணிகலன். போர்க்களங்களும் அரசவைகளும் சூழ்ச்சிகளும் கண்முன் நிகழ்வனபோல் விரியும். கிரேக்கம், அரபு, அர்மீனியம், சீரியம் ஆகிய கீழைமொழிச் சான்றுகளை ஆங்கில வாசகருக்கு இத்துணை விரிவாக எடுத்துக்காட்டியவர் அவருக்கு முன் அரியர். இவ்வளவு சொன்ன பின்னும், முதல் நூலாக இதனை மாணவர் கையில் கொடுக்க நாம் தயங்குகிறோம். ரன்சிமன் பைசாந்தியத்தின் காதலர். கொன்ஸ்தாந்திநோப்பிளே நாகரிகத்தின் உறைவிடம், மேலைநாட்டு வீரர் அதனைச் சிதைத்த முரடர் என்னும் பார்வை மூன்று தொகுதிகளிலும் ஊடுருவி நிற்கிறது. 1204 ஏப்ரலில் அந்நகரம் சூறையாடப்பட்டதே அவருக்கு முழு வரலாற்றின் உச்சம். இறுதியில் அவர் இப்போர்களைப் பரிசுத்த ஆவிக்கு விரோதமான பாவம் என்ற வகையில் தீர்ப்பிட்டு முடிக்கிறார். அத்தீர்ப்பு பிரசங்கிகளை மிகவும் கவர்ந்துள்ளது. தீர்ப்பு சரியா தவறா என்பதை விட்டுவிடுவோம். அதனை முதற்பக்கத்திலேயே மனத்தில் ஏந்திக்கொண்டு படிப்பவர், அக்கால மனிதர் ஏன் புறப்பட்டனர் என்று கேட்கவே மாட்டார் என்பதுதான் நம் கவலை.

இன்னொன்றும் உண்டு. ரன்சிமன் எழுதியபின் எழுபது ஆண்டு ஆராய்ச்சி குவிந்துள்ளது. 1212ஆம் ஆண்டின் ‘சிறுவர் சிலுவைப் போர்’ என்னும் நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். ஆயிரக்கணக்கான சிறுவர் கடற்கரைக்கு வந்து, கடல் பிளக்கும் என்று காத்திருந்து, ஏமாந்து, மார்செய்ல்ஸ் வணிகர் இருவரால் கப்பலேற்றப்பட்டு அடிமைகளாக விற்கப்பட்ட கதையை அவர் உருக்கமாகச் சொல்கிறார். ஞாயிறு பள்ளி ஆண்டுவிழாவுக்கு இதைவிட ஏற்ற கதை கிடைக்குமா! ஆனால் 1977இல் பீட்டர் ரேட்ஸ் என்னும் ஆய்வாளர் பழஞ்சான்றுகளை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தார். சிறுவர் எனப் பொருள்படும் இலத்தீன் சொல் அச்சூழலில் நிலமற்ற கூலியாட்கள், இடையர் போன்ற ஏழை எளியோரையே பெரிதும் குறித்தது என்றும், கப்பல் கதை பிற்காலக் குறிப்புகளிலேயே காணப்படுகிறது என்றும் அவர் காட்டினார். இன்று ஓர் அறிமுக நூலின் தரத்தை அறிய இவ்வோரிடம் போதும். பழைய கதையை மாற்றமின்றிச் சொல்லும் நூலை மூடிவைத்துவிடலாம்.

நாம் ஒரு நூலை எடைபோடும்போது முதலில் திறப்பது வேறொரு பக்கம். 1099 ஜூலை 15 அன்று எருசலேமில் நிகழ்ந்ததை அவ்வாசிரியர் எவ்வாறு எழுதுகிறார் என்று பார்ப்போம்.

நகரம் வீழ்ந்த அன்று பெரும் படுகொலை நடந்தது, இதில் ஐயமில்லை. வென்றவர்களே அதனை எழுதிவைத்தனர். துலூஸ் பிரபு ரேமுந்துவின் படையோடு சென்ற குருவாகிய அகிலெர் ரேமுந்து, சாலொமோனின் ஆலயம் என்று அவர்கள் கருதிய அல்-அக்ஸா பள்ளிவாசலில், குதிரைமேல் சென்றோரின் முழங்கால்வரையும் குதிரைகளின் கடிவாளமளவும் இரத்தம் நின்றது என்று எழுதுகிறார். எத்தனையோ நூல்கள் இதனைக் கண்ணால் கண்டவரின் அளவீடாக அப்படியே எடுத்தாள்கின்றன. திருமறையைக் கற்றவர்க்கோ இத்தொடர் எங்கிருந்து வருகிறது என்பது உடனே விளங்கும். வெளிப்படுத்தின விசேஷம் 14ஆம் அதிகாரம் 20ஆம் வசனத்தில், தேவகோபாக்கினையின் ஆலையிலிருந்து குதிரைகளின் கடிவாளமட்டும் இரத்தம் பெருகுகிறது. ரேமுந்து இரத்தத்தை அளந்து எழுதவில்லை. தாம் கண்டதற்குப் பொருள் சொல்கிறார். கடைசி நியாயத்தீர்ப்பின் நாள் தம் கண்முன் வந்துவிட்டது என்பதே அவர் கூற்று. கர்த்தர் உண்டுபண்ணின நாள் என்று 118ஆம் சங்கீதம் பாடும் சொல்லையும் அவர் அந்நாளுக்கே சூட்டுகிறார். உயிர்த்தெழுதலின் திருநாளில் நாம் பாடும் சங்கீதம் அது.

இவ்விடத்தில் அறிமுக நூல்கள் இரண்டு திசைகளில் வழுவுகின்றன. ஒரு சாரார் இரத்தவெள்ளத்தை எழுத்தின்படியே கொண்டு, நகரத்தில் ஒருவர்கூட எஞ்சவில்லை என்பர். மற்றொரு சாரார், ‘இது வெறும் வேத அலங்காரம், அக்கால முற்றுகைகளில் இது வழக்கமே’ என்று தள்ளிவிடுவர். எண்ணிக்கையை நோக்குவோம். ஆலயத்தில் ஏறக்குறைய 10,000 பேர் என்கிறார் சார்த்தர் ஃபுல்க்கர். அவர் அன்று எருசலேமில் இல்லை, எதேசாவில் இருந்தார். ஒரு நூற்றாண்டுக்குப் பின் எழுதிய இப்னு அல்-அதீர் 70,000 என்கிறார். அந்தலூசிய அறிஞர் இப்னு அல்-அரபி, எருசலேமில் சில ஆண்டுகள் பயின்று, முற்றுகைக்கு முன் வெளியேறியவர். அவர் தரும் எண் 3,000. கெய்ரோ யூதத் தொழுகைக் கூடத்தின் பழஞ்சுவடிக் களஞ்சியத்தில் கிடைத்த கடிதங்கள், எருசலேமிலிருந்து சிறைப்பிடிக்கப்பட்ட யூதர்களை மீட்க அஸ்கலோனில் பணம் திரட்டப்பட்டதைக் கூறுகின்றன. எனவே எஞ்சியோரும் இருந்தனர். எருசலேம் ஆய்வாளர் பெஞ்சமின் கெடார் 2004இல் வெளியிட்ட நீண்ட கட்டுரையில், இப்படுகொலையை ஒன்பது நூற்றாண்டு வரலாற்றாசிரியர்கள் எவ்வாறு பெருக்கியும் சுருக்கியும் எழுதினர் என்று காட்டியுள்ளார். சுருக்கியோரும் அவர் கையில் தப்பவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஆகனைச் சேர்ந்த அல்பெர்ட்டு, மூன்றாம் நாளில் தலைவர்கள் கூடி ஆலோசித்து, ஏற்கெனவே பிடிபட்டவர்களையும் கொன்றதாக எழுதியுள்ளார். வெறியின் முதல் மணி நேரத்தோடு முடிந்த செயல் அன்று அது.

மூவாயிரம் என்றால் குற்றம் குறைந்துவிடுமோ என்று கேட்கலாம். குறையாது. ஆனால் இஸ்லாமிய அன்பருக்கு விடை சொல்லும் ஆயர், எழுபதினாயிரம் என்று மிகைப்படுத்தி வருந்துவதும், ‘அலங்காரம்’ என்று சொல்லி நழுவுவதும் இறந்தோர்க்குச் செய்யும் நீதியன்று. நம்மைக் கலங்கச் செய்யவேண்டியது ஒரு குருவானவர் அக்கொலையின்மேல் திருவசனத்தைப் போர்த்திய விதம். இதனை எடுத்துக்காட்டும் நூலே இறையியல் மாணவர்க்கு ஏற்ற நூல்.

போப் இரண்டாம் ஊர்பன் 1095 நவம்பர் 27 அன்று கிளர்மாண்டில் ஆற்றிய உரையைப் பற்றியும் இதுபோன்றே சொல்லலாம். அவ்வுரையைச் சொற்பெருக்கோடு மேற்கோள்குறிக்குள் அச்சிட்டு, ‘ஊர்பன் கூறியதாவது’ என்று தொடங்கும் நூல்களைக் கண்டால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நமக்குக் கிடைத்துள்ள முக்கியமான பாடங்கள் நான்கு: ஃபுல்க்கர், துறவி ராபர்ட்டு, தோல் பால்டிரிக், நோஜெந் கிபெர்ட்டு ஆகியோருடையவை. நான்கும் எருசலேம் வீழ்ந்தபின், முடிவு தெரிந்த நிலையில் எழுதப்பட்டவை. அவை தம்முள் வெகுவாக வேறுபடுகின்றன. ஃபுல்க்கரின் பாடத்தில் எருசலேம் என்னும் பெயரே போருக்கு அழைக்கும் பகுதியில் இல்லை. கீழைக் கிறிஸ்தவருக்கு உதவுவதே அங்கு முதன்மை. ராபர்ட்டின் பாடத்தில் எருசலேமே மையம். ஒத்தமை நற்செய்திகளை ஒப்புநோக்கப் பழகிய நம் மாணவர்க்கு இதைவிட நல்ல பயிற்சி வேறில்லை. ஊர்பனே எழுதிய கடிதங்கள் சிலவும் உள்ளன. 1095 டிசம்பரில் ஃபிளாந்தர் மக்களுக்கும், 1096இல் பொலோனியாவினருக்கும் வல்லொம்புரோசாத் துறவியருக்கும் அவர் எழுதியவை அவை. கிளர்மாண்டுச் சங்கத்தின் விதி ஒன்றும் எஞ்சியுள்ளது. புகழுக்கோ பொருளுக்கோ அன்றிப் பக்தியினால் மட்டும் எருசலேமின் சபையை விடுவிக்கப் புறப்படுவோர்க்கு, அப்பயணமே எல்லாப் பிராயச்சித்தத்திற்கும் ஈடாகக் கொள்ளப்படும் என்பது அதன் சாரம். 1517ஆம் ஆண்டின் பாவமன்னிப்புச் சீட்டு விவாதத்தின் வேர் இங்கே ஓடுகிறது. இவ்விதியை ஒரு வரியிலேனும் குறிப்பிடாத அறிமுக நூல் நம் வகுப்பறைக்கு உதவாது.

அவர்கள் ஏன் சென்றனர்? நிலமில்லாத இளைய மகன்கள் கொள்ளைக்காகப் புறப்பட்டனர் என்பது நாம் மாணவராயிருந்த நாளில் பாடமாகச் சொல்லப்பட்ட விடை. ஜொனதன் ரைலி-ஸ்மித் மடங்களின் பழைய ஆவணங்களைத் தொகுத்து ஆராய்ந்து அவ்விடையை அசைத்தார். ஒரு வீரன் தன் ஓராண்டு வருவாயைப்போல் நான்கைந்து மடங்கு செலவிட்டே இப்பயணம் செல்ல இயன்றது. நிலத்தை அடகுவைத்தும் விற்றும் குடும்பங்கள் பணம் திரட்டின. சென்றவருள் மிகுதியானோர் எருசலேமைக் கண்டபின் வீடு திரும்பினர். பாவ உணர்வும் பக்தியுமே பலரை இயக்கின என்பது அவர் முடிபு. முடிபின் பெரும்பகுதியை நாம் ஏற்கிறோம். ஆனால் ஓர் எச்சரிக்கை: அடகுப் பத்திரங்களை எழுதியவர்கள் துறவிகள். வீரனின் வாயில் பக்திச்சொல்லை வைப்பது அவர்களுக்குக் கைவந்த கலை. மேலும், பக்தியினால் சென்றார்கள் என்பது அவர்களைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதுமன்று. பேராசைக்காரன் செய்த கொலையைவிட, தன் ஆத்தும இரட்சிப்புக்கென்று ஒருவன் செய்த கொலையே இறையியலாளர்க்குக் கடினமான வினாவை எழுப்புகிறது. ஜெர்மானியர் கார்ல் எர்ட்மன் 1935இல் எழுதிய, சிலுவைப் போர் எண்ணத்தின் தோற்றம் பற்றிய நூல், போரைச் சபை எவ்வாறு சிறிது சிறிதாகப் புனிதப்படுத்தியது என்று ஆராய்கிறது. 1977இல் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. அது தொடக்கநிலை நூலன்று. ஆயினும் முதுநிலை மாணவர் அதனைத் தவிர்க்கக்கூடாது.

சிலுவைப் போர் என்னும் பெயரே ஒரு சிக்கல். முதற்பயணம் சென்றோர் தம் செயலைத் திருப்பயணம் என்றும் வழிச்செலவு என்றுமே குறித்தனர். ஆடையில் சிலுவைச் சின்னம் தைத்துக்கொண்டதால் ‘சிலுவையிட்டோர்’ என்ற பெயர் பின்னர் நிலைத்தது. முதலாம், இரண்டாம், மூன்றாம் என எண்ணிட்டுச் சொல்வது பிற்காலத்தார் வசதிக்கு ஏற்படுத்தியது. ஹான்ஸ் எபர்ஹார்டு மாயர் போன்றோர், எருசலேமை நோக்கியவை மட்டுமே சிலுவைப் போர்கள் என்பர். ரைலி-ஸ்மித்தும் அவரைச் சார்ந்தோரும், போப்பின் அங்கீகாரமும் நேர்த்திக்கடனும் பாவமன்னிப்பு வாக்குறுதியும் உள்ளவை எல்லாம் சிலுவைப் போர்களே என்பர். பின்னதன்படி ஸ்பெயினிலும் பால்திக் கரையிலும் நடந்தவையும், தென் பிரான்சின் கத்தாரிகளுக்கு எதிராக 1209 முதல் 1229 வரை நடந்ததும் இதில் அடங்கும். நாம் பின்னதையே சார்கிறோம். கிறிஸ்தவர் கிறிஸ்தவருக்கு எதிராகவும் சிலுவை தரித்தனர் என்பது அப்போதுதான் வெளிப்படும். ஆங்கிலத்தில் இப்போர்களைக் குறிக்கும் அதே ‘குருசேடு’ என்னும் சொல்லைப் பில்லி கிரகாம் முதலானோர் தம் நற்செய்திக் கூட்டங்களுக்கு வைத்ததும், அதனை நம் ஊர்ச் சுவரொட்டிகளிலும் நாம் அச்சிட்டதும் நினைவிருக்கலாம். அச்சொல்லை அரபு மொழியில் பெயர்த்தால் எவ்வாறு ஒலிக்கும் என்று எத்துணைப் பேர் எண்ணிப் பார்த்தோம்?

பழைய நூல்களில் மிகச் சுருக்கமாக முடிக்கப்பட்ட ஒரு பகுதி, 1096ஆம் ஆண்டின் ரைன் நதிக்கரை நிகழ்ச்சிகள். எருசலேமுக்குப் புறப்பட்ட படைகளுள் சில, வழியிலிருந்த யூதக் குடியிருப்புகளை முதலில் தாக்கின. மே மாதத் தொடக்கத்தில் ஸ்பயரில் பதினொருவர் மாண்டனர். ஆயர் யோவான் மற்றவரைக் காத்தார். வோர்ம்ஸில் ஏறத்தாழ 800 பேர் மாண்டதாக எபிரெயக் குறிப்பேடுகள் கூறும். மைன்ஸில் பேராயர் ருத்தார்டு யூதரைத் தம் மாளிகையில் சேர்த்துக்கொண்டார்; எமிக்கோ பிரபுவின் கூட்டம் உள்ளே நுழைந்தபோது அவரே உயிர்தப்ப ஓடவேண்டியதாயிற்று. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மடிந்தனர். கட்டாய ஞானஸ்நானத்திற்கு உட்படுவதைவிடத் தம் பிள்ளைகளைத் தம் கையாலேயே கொன்று தாமும் மாண்ட பெற்றோரின் துயரத்தை அக்குறிப்பேடுகள் மோரியா மலையின் ஈசாக்கை நினைவூட்டும் சொற்களால் எழுதுகின்றன. ராபர்ட் சாசன் 1987இல் எழுதிய நூல் இதற்குச் சிறந்த வழிகாட்டி. அறிமுக நூல் ஒன்று இதனை ‘ஒழுங்கற்ற கும்பலின் செயல்’ என்று இரண்டே வரியில் கடந்தால், கும்பலில் பிரபுக்களும் போர்வீரரும் இருந்ததை அது மறைக்கிறது. 1146இல் துறவி ராடுல்ஃபு மீண்டும் யூதருக்கு எதிராகப் பிரசங்கித்தபோது பெர்நார்டு நேரில் சென்று அவரை அடக்கினார். இதற்காக அவரைப் புகழ்ந்தெழுதியவர் போன் நகரத்து எப்பிராயீம் என்னும் யூதர். அதே பெர்நார்டுதான் அப்போரின் தலைமைப் பிரசங்கியும்.

கீழைச் சபைகளைப் பற்றியும் கேட்க வேண்டும். கிரேக்கர், அர்மீனியர், சீரியர், யாக்கோபியர் ஆகியோர் இந்நாடகத்தில் வெறும் பின்னணித் திரையல்லர். நம் அண்டை மாநிலத்துச் சீரியச் சபைகளுள் ஒரு பகுதியார் இன்றும் சார்ந்திருக்கும் அந்தியோகியப் பீடத்தின் முதுபெரும் தந்தையாகிய சீரியர் மிகாயேல், 1199இல் மறையும்வரை இக்காலத்தின் பெரும் நாளாகமத்தை எழுதினார். அதில் இலத்தீனியர் கிரேக்கரைவிடத் தம் மக்களுக்கு இடைஞ்சல் குறைவாகவே செய்ததாகக் கருதுகிறார். ஆயினும் எருசலேமின் திருக்கல்லறை ஆலயத்தில் கீழைக் குருமாரின் இடத்தை இலத்தீனியர் பறித்தனர். 1101ஆம் ஆண்டு உயிர்த்தெழுதல் நாளின் முந்திய இரவில், ஆண்டுதோறும் தோன்றுவதாகச் சொல்லப்பட்ட பரிசுத்த அக்கினி தோன்றவில்லை. இலத்தீனியர் கலங்கினர். கீழைக் குருமாருக்கு இழைத்த அநீதியே காரணம் என்றார் அர்மீனியராகிய எதேசா மத்தேயு. கிறிஸ்தோபர் மெக்கெவிட் 2008இல் எழுதிய நூல் இவ்வுறவை ‘கரடுமுரடான சகிப்பு’ என்று பெயரிட்டு ஆராய்கிறது. திருமண்டலங்களுக்கும் சபைகளுக்கும் இடையே வாழும் நமக்கு அப்பெயர் அந்நியமாகத் தோன்றாது.

இஸ்லாமியர் பக்கத்தைக் கற்க இன்று நல்ல நூல்கள் உள்ளன. லெபனானில் பிறந்த அமின் மாலூஃப் 1983இல் பிரெஞ்சில் எழுதிய நூல் கதைபோல் ஓடும். சான்று காட்டும் முறையில் தளர்வு உண்டு. கரோல் ஹில்லன்பிராண்டு 1999இல் வெளியிட்ட பெருநூல் கனமானது, ஓவியங்களும் வரைபடங்களும் நிறைந்தது. நூலகத்தில் வைத்து வேண்டும்போது புரட்டத்தக்கது. பால் காப் 2014இல் எழுதிய வரலாறு இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது. தொடங்குவோர்க்கு அதையே பரிந்துரைப்போம். சலாதீனைப் பற்றிய பகுதியை இந்நூல்களில் ஒப்பிட்டுப் படிக்கலாம். 1187 அக்டோபர் 2 அன்று எருசலேமை ஏற்றபோது அவர் படுகொலை செய்யவில்லை என்பது உண்மை. ஆணுக்கு 10 தினார், பெண்ணுக்கு 5 என மீட்புப்பொருள் விதித்ததும், அதனைச் செலுத்த இயலாத ஆயிரக்கணக்கானோர் அடிமைகளானதும் உண்மையே. முதல் பாதியை மட்டும் சொல்லும் நூல்கள் மிகுதி. இஸ்லாமிய உலகம் இப்போர்களை முற்றிலும் மறந்திருந்தது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியரிடமிருந்தே மீண்டும் கற்றது என்று ரைலி-ஸ்மித் வற்புறுத்தினார். சலாதீன் பற்றி ஜொனதன் பிலிப்ஸ் 2019இல் எழுதிய நூல், அந்நினைவு ஒருபோதும் அறவே அற்றுப்போகவில்லை என்று காட்டி அக்கருத்தைத் திருத்துகிறது.

வாதத்திற்கென்றே எழுதப்பட்ட நூல்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சமூகவியலாளர் ராட்னி ஸ்டார்க் 2009இல் வெளியிட்ட ‘தேவனுடைய படைப்பிரிவுகள்’ சிலுவைப் போருக்கு வழக்குரைஞராக நிற்கும் நூல். அதில் செய்திகள் உண்டு. ஆனால் எதிர்த்தரப்புச் சாட்சிகள் அழைக்கப்படுவதில்லை. இதற்கு நேர் எதிராக, மேலைக் கிறிஸ்தவ உலகின் எல்லாக் கேடுகளுக்கும் 1095இல் வித்திடப்பட்டதென முழங்கும் நூல்களும் உள. 1996இல் கொலோனிலிருந்து சீர்திருத்தச் சபைக் குழுவினர் ‘ஒப்புரவு நடைப்பயணம்’ மேற்கொண்டு, 1999 ஜூலை 15 அன்று எருசலேமை அடைந்து, சந்தித்தோரிடம் மன்னிப்புக் கேட்டனர். வரலாற்றாசிரியர் சிலர் அதனைக் குறைகூறினர். அக்குறைகூறலில் நியாயம் ஓரளவு இருப்பினும், நடந்து சென்றவர்களை ஏளனம் செய்ய நமக்கு மனம் வரவில்லை. போப் இரண்டாம் யோவான் பவுல் 2001 மே மாதம் ஆதென்ஸில், 1204இன் சூறையாடலுக்காகக் கிரேக்கர் முன் வருத்தம் தெரிவித்தபோது, எந்த நிகழ்ச்சிக்கு, யாரிடம் என்பது திட்டமாக இருந்தது. வருத்தம் தெரிவிப்போர்க்கும் வரலாறு தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

அப்படியானால் எதில் தொடங்குவது? ஒரே வாரம் உள்ளவர்க்கு, ரைலி-ஸ்மித் 1977இல் முதலில் வெளியிட்டுப் பின்னர்ப் பலமுறை திருத்திய ‘சிலுவைப் போர்கள் யாவை?’ என்னும் சிறு நூலைச் சொல்வோம். கதை குறைவு, கருத்துத் தெளிவு மிகுதி. அதனோடு கிறிஸ்தோபர் டயர்மனின் சிறிய அறிமுகத்தைச் சேர்த்துக்கொண்டால், ஒருவர் பக்தியை வலியுறுத்துமிடத்தில் மற்றவர் ஐயத்தைத் தூவுவதைக் காணலாம். டயர்மன் 2006இல் எழுதிய பெருநூல் ஆயிரம் பக்கம். விடுமுறையில்லாத ஆயர் அதனைத் தொட வேண்டாம். நிகழ்ச்சிகளை இரு தரப்பிலிருந்தும் மாறிமாறிச் சொல்லும் தாமஸ் ஆஸ்பிரிட்ஜின் 2010ஆம் ஆண்டு நூல் ரன்சிமனின் இடத்தைப் பெறத் தகுதியுடையது, நடையும் நன்று. ஆனால் இறையியல் கல்லூரி வகுப்பறைக்கு ஒரே நூல் வாங்கப் பணம் இருக்குமாயின், ஆண்ட்ரூ ஜோடிஷ்கி 2004இல் எழுதி 2017இல் திருத்திய பாடநூலையே நாம் தேர்வோம். ஆராய்ச்சியாளர் தம்முள் வேறுபடும் இடங்களை அவர் மறைக்காமல் காட்டுகிறார். கீழைக் கிறிஸ்தவரையும் மறப்பதில்லை. ரன்சிமனை விற்றுவிட வேண்டாம். இவற்றை முடித்தபின் ஒரு கோடைக்காலத்தில் அவரிடம் திரும்பிச் செல்லலாம். அப்போது அவருடைய சாய்வு நம்மைச் சாய்க்காது.

இறுதியாக, மூலச்சான்று ஒன்றையேனும் முழுமையாகப் படித்தல் நலம். பிரான்செஸ்கோ கப்ரியேலி தொகுத்த அரபு வரலாற்றாசிரியர் பகுதிகள் 1969 முதல் ஆங்கிலத்தில் உள்ளன. அலெக்சியுஸ் பேரரசனின் மகள் அன்னா கொம்நேனா எழுதியதும் எளிதில் கிடைக்கும். நம் தேர்வு உஸாமா இப்னு முன்கித். ஷைசார் கோட்டைக் குடும்பத்தில் 1095இல் பிறந்து, 1188இல் மறைந்த சிரியப் பிரபு அவர். பிராங்கியருடன் போரிட்டார், வேட்டைக்கும் சென்றார், நட்பும் கொண்டார். எருசலேமில் அல்-அக்ஸாவை ஒட்டிய சிறு தொழுகையிடத்தை, தம் நண்பர்களாகிய ஆலய வீரர்கள் தமக்கு ஒழித்துக்கொடுத்ததாக எழுதுகிறார். அங்கே தொழுதுகொண்டிருக்கையில் புதிதாக வந்த பிராங்கியன் ஒருவன் அவரைப் பிடித்துக் கிழக்கு முகமாகத் திருப்பி, இப்படித்தான் தொழவேண்டும் என்றான். ஆலய வீரர்கள் அவனை விலக்கிவிட்டு அவரிடம் பொறுத்துக்கொள்ள வேண்டினர். உஸாமா கதைசொல்லி, சுவைக்காகக் கூட்டியும் குறைத்தும் சொல்லும் மரபினர். ஆகவே அவரையும் சோதித்தே படிக்கவேண்டும். பால் காப் 2008இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பின் முன்னுரை அச்சோதனைக்குத் துணைசெய்யும். வகுப்பில் உரக்க வாசிக்கவும் அந்நூல் ஏற்றது.